ஜெல் ஒத்துக்கொள்ளவில்லையா, தண்ணீர் போதவில்லையா? ஒரு மாரத்தான் ஓட்டக்காரரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் அதிகாலையில் ஓடும் ஒரு குழுவில், ஃபுல் மாரத்தானுக்கு (42.195 கிலோமீட்டர்) தயாராகிறவர்களின் பயிற்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குழுவில் ஒருவருக்கு ஒரு ஜனவரியில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். வயது 46, எடை 71 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, சுத்த சைவம். ஹாஃப் மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி 5 நிமிடத்துக்கு அக்கம்பக்கத்தில் முடிக்கிறவர்.

ஹாஃப் ஓடும்போது தண்ணீர், எப்போதாவது உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, இவ்வளவுதான் அவர் எடுத்துக்கொள்வது. அது போதுமானதாகவும் இருந்தது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் கார்போஹைட்ரேட் சுமார் 500 கிராம். அதாவது ஏறக்குறைய 2000 கலோரி. ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக ஒரு கலோரி செலவாகும். 71 கிலோ ஆளுக்கு ஹாஃப் ஓட 1500 கலோரி, 42.195 கிலோமீட்டர் ஓட 3000 கலோரி. ஒரு பங்கைக் கொழுப்பு கொடுத்துவிடும் என்றாலும், 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது கையிருப்பு கார்ப் தீரத் தொடங்குகிறது. அதனால் ஃபுல்லில் ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது. சின்ன பாக்கெட்டில் பாகு போல வரும் எனர்ஜி ஜெல்லும், எனர்ஜி ச்யூஸ் என்று விற்கும் மெல்லும் துண்டுகளும் அதற்காகத்தான்.

முதல் ஓட்டம்

அது அவருடைய முதல் ஃபுல். முந்தின நாள் பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்க, ஓட்டத்தையொட்டி நடக்கும் எக்ஸ்போ என்ற கண்காட்சிக்குப் போனவர், அங்கிருந்த கடையில் நான்கு ஜெல் வாங்கினார். ஒவ்வொன்றிலும் 40 கிராம் கார்ப்; அதில் ஒன்று 100 மில்லிகிராம் காஃபின் சேர்த்தது. "முக்கால் மணி நேரத்துக்கு ஒண்ணு போடுங்க" என்று கடைக்காரர் சொன்னார். அதுவரை அவர் ஜெல்லை வாயில் வைத்ததே இல்லை.

அதிகாலை 4 மணிக்கு ஓட்டம். 3 மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, இரண்டு இட்லி. ஜனவரியில் சென்னை அதிகாலை சுகமாகத்தான் இருக்கும், 22, 23 டிகிரி. ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 25 விநாடி (6:25) என்ற பேஸில், அதாவது வேகத்தில், கிளம்பினார். 7 கிலோமீட்டரில் முதல் ஜெல், 14-இல் இரண்டாவது, 21-இல் காஃபின் ஜெல். வழியில் குடிக்கக் கொடுக்கும் எய்டு ஸ்டேஷன்களில் தண்ணீரை விட்டுவிட்டுப் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கையே எடுத்தார். சத்து இருப்பதைக் குடித்தால் இன்னும் நல்லதுதானே என்பது அவர் நினைப்பு.

19 கிலோமீட்டரிலேயே வயிறு உப்பத் தொடங்கியது. காஃபின் ஜெல்லுக்குப் பிறகு படபடப்பு. வயிற்றுக்குள் தண்ணீர் தளும்புவது ஒவ்வொரு அடியிலும் தெரிந்ததாம். தெம்பு குறைகிறது என்று நினைத்து, நான்காவது ஜெல்லை 28-க்குப் பதிலாக 26-லேயே போட்டார். 29-இல் சாலையோரம் வாந்தி. மருத்துவ உதவிக் கூடாரத்தில் இருபது நிமிடம் படுக்கவைத்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, நடந்து போகலாம் என்று அனுப்பினார்கள். மீதி 13 கிலோமீட்டரையும் நடந்தே கடந்தார். முடித்தபோது 5 மணி 51 நிமிடம்.

அவர் எடுத்த முடிவு தெளிவாக இருந்தது. "ஜெல்லே எனக்கு ஆகாது சார். அடுத்த தடவை பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் போதும்." குழுவிலும் பாதிப் பேர் அதையே சொன்னார்கள்.

பாக்கெட்டுகளைப் பார்த்தபோது

குப்பையைச் சாலையில் போடாத மனிதர் என்பதால் நான்கு காலி பாக்கெட்டுகளும் அவருடைய இடுப்புப் பையிலேயே பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் அவற்றைக் கழுவி மேசையில் பரப்பிப் பார்த்தோம். முன்பக்கத்தில் கார்ப் அளவு பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில், மடிப்புக்குப் பக்கத்தில், அவர் வாசிப்புக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்த அளவு சிறிய எழுத்தில் இரண்டு செய்திகள்: தண்ணீரோடு எடுத்துக்கொள்ளவும், பயிற்சியில் பழகிவிட்டுப் போட்டியில் பயன்படுத்தவும்.

பிறகு கணக்குப் போட்டோம். 26 கிலோமீட்டர் வரை, அதாவது 2 மணி 47 நிமிடத்துக்குள், நான்கு ஜெல்லில் 160 கிராம். எட்டு எய்டு ஸ்டேஷனில் சுமார் 150 மில்லி வீதம் ஸ்போர்ட்ஸ் டிரிங்க். அது 100 மில்லிக்கு 6 கிராம் என்றால், இன்னொரு 72 கிராம். மொத்தம் 232, மணிக்கு 80 கிராமுக்கு மேல்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை நீளும் உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம், அதற்கும் மேல் நீண்டால் 90 கிராம் வரை என்பதுதான் விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பரவலாகச் சொல்லப்படுவது. அந்த மேல் எல்லை, மாதக்கணக்கில் குடலைப் பழக்கிய போட்டியாளர்களுக்கு. ஓடும்போது எதையும் சாப்பிட்டே பழகாத ஒருவர், தெரியாமலேயே அதன் பக்கத்துக்குப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே போகின்றன. குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் நுழைய முடியும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் சங்கிலி. அதற்கும் அதே வாசல்தான். அதற்கு மேல் வேண்டுமானால் ஃபிரக்டோஸும் கலந்திருக்க வேண்டும். விளையாட்டு ஊட்டச்சத்து ஆய்வாளர் ஆஸ்கர் ஜூகென்ட்ரூப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000-களில் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. இன்று பல ஜெல்களில் இரண்டும் 2:1 அல்லது 1:0.8 என்று கலந்து வருவது அதனால்தான். இவர் வாங்கிய ஜெல்லின் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டுமே இருந்தது.

ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் பட்டது அடர்த்தி. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் 6 முதல் 8 சதவீதக் கரைசல். 40 கிராம் ஜெல்லைப் போட்டு, அதன்மேல் 150 மில்லி ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கைக் குடித்தால் வயிற்றில் இருப்பது கிட்டத்தட்ட 25 சதவீதக் கரைசல். அவ்வளவு அடர்த்தியானது வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். குடலுக்குப் போனால், தன்னை நீர்க்கச் செய்ய உடம்பிலிருந்தே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்கு வரும் ரத்தம் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருக்கும். உப்புசம், தளும்பல், குமட்டல், வாந்தி என்று அவர் சொன்ன வரிசை அப்படியே இதற்குப் பொருந்தியது.

நடுவில் தெரியவந்தது

இதெல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது அவருடைய மனைவி, "அன்னிக்குக் காலையில முட்டி வலிக்குன்னு மாத்திரை வேற போட்டாரே, சொன்னாரா?" என்றார். சொல்லவில்லை. அதை ஒரு பொருட்டாகவே அவர் நினைத்திருக்கவில்லை. ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை. காபியோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்.

இந்த வகை மாத்திரைகள் வயிற்றின் உட்சுவரைப் பாதிக்கக்கூடியவை. நீண்ட ஓட்டத்தோடு சேரும்போது குடலின் தடுப்பைத் தளர்த்துகின்றன. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. அன்றைய வாந்தியில் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஓடும் நாளில் வலி மாத்திரை கிடையாது, வலி இருந்தால் ஓட்டமே கிடையாது என்று அப்போதே முடிவானது. முட்டியைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜெல்லை ஒதுக்கிவிடலாம் என்ற யோசனையை முதலில் நிறுத்திவைத்தோம். குற்றவாளி ஜெல்லா, அதை எடுத்த விதமா என்று தெரியாமல் ஒதுக்கினால், அடுத்த முறை பேரீச்சம்பழத்தையும் அதே விதத்தில் சாப்பிட்டு அதே இடத்துக்கு வர வாய்ப்பிருக்கிறது.

ஜூலையில் வியர்வை அளவிலிருந்து தொடங்கினோம். ஒன்றரை மணி நேர ஓட்டம். முன்னும் பின்னும் ஈர உடை இல்லாமல் எடை. 1.8 கிலோ குறைந்திருந்தது, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தார். ஆக 2.3 லிட்டர், மணிக்கு ஒன்றரை லிட்டர். அதே சோதனையை டிசம்பரில் செய்தபோது மணிக்கு 1.1 லிட்டர். இழப்பது முழுவதையும் குடித்துச் சரிக்கட்ட முடியாது, கூடவும் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அப்படிக் குறைந்திருந்தது. எனவே மணிக்கு 600 மில்லியை ஒட்டி என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது கார்ப் அளவு. 4 மணி 40 நிமிட ஓட்டத்துக்கு 60, 70 கிராம் எடுத்தால் இன்னும் நல்லதில்லையா என்று கேட்டார். 600 மில்லி தண்ணீரில் 48 கிராம் என்றால் 8 சதவீதம். 70 கிராம் என்றால் 12 சதவீதத்தைத் தொடும். தண்ணீர்தான் இங்கே எல்லையை நிர்ணயிக்கிறது. மணிக்கு 45 முதல் 50 கிராம் என்று நிறுத்திக்கொண்டோம். இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஜெல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அதோடு போகப்போகும் தண்ணீரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பிராண்ட், எந்தச் சுவை என்பதெல்லாம் அப்புறம்.

எதை வாங்குவது

கடையில் இருப்பவை ஒரே மாதிரி இல்லை.

கெட்டியான ஜெல்தான் வழக்கமாகக் கிடைப்பது. 32 முதல் 40 கிராம் பாக்கெட், உள்ளே 22 முதல் 25 கிராம் கார்ப். சிறியது, எடுத்துப்போக எளிது, தண்ணீர் கட்டாயம். ஐசோடானிக் ஜெல் 60 மில்லி வரும், அதே 22 கிராம் கார்ப். நீர்த்திருப்பதால் தண்ணீர் இல்லாமலும் இறங்கும். ஆனால் ஏழெட்டு பாக்கெட் என்றால் அரைக் கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். எய்டு ஸ்டேஷன்கள் தூரம் தூரமாக இருக்கும் ஓட்டங்களுக்கு அந்தச் சுமை தகும். நகர மாரத்தானில் அவசியமில்லை. பாகு பதத்தில் இல்லாமல் கட்டியாக, வழுக்கிக்கொண்டு வரும் ஹைட்ரோஜெல் வகையும் உண்டு. திகட்டல் குறைவு, விலை அதிகம்.

மெல்லும் துண்டுகள் ஜெல்லி மிட்டாய் வகை. பல பிராண்டுகளில் ஒரு துண்டுக்கு 8 கிராம் கார்ப், பாக்கெட்டுக்கு ஆறு துண்டு. ஒரேயடியாக 25 கிராம் இறங்காமல் துண்டு துண்டாக எடுக்கலாம் என்பது பெரிய வசதி. சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: சிலவற்றில் பழத்திலிருந்து வரும் பெக்டின், சிலவற்றில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். இந்தியாவில் முறையாக விற்கப்படுவதில் பச்சைப் புள்ளி அல்லது பழுப்பு முக்கோணம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து நண்பர் வாங்கி வந்த பாக்கெட்டில் அந்தக் குறி இருக்காது. உட்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். இவரிடம் ஒருவர் அன்பாகக் கொடுத்த பாக்கெட்டில் ஜெலட்டின் இருந்தது, திருப்பிக் கொடுத்தார்.

பட்டியலைப் படிக்கும்போது கண்ணில் பட வேண்டிய வேறு இரண்டு: சர்க்கரை இல்லாதது என்று போட்டுவரும் துண்டுகளில் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற இனிப்புகள் இருக்கும். அவை வயிற்றைக் கலக்கும், ஓட்டத்துக்கு வேண்டிய அளவு சக்தியையும் தராது. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் எலக்ட்ரோலைட் மாத்திரைகளில் உப்புச்சத்துதான் இருக்கும், கார்ப் அநேகமாகப் பூஜ்யம். இரண்டையும் "எனர்ஜி" என்று நம்பி எடுத்துப்போகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

பேரீச்சம்பழத்தையும் நியாயமாகவே பரிசீலித்தோம். கொட்டை எடுத்த நடுத்தரப் பழம் ஒன்றில் 6, 7 கிராம் கார்ப். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இயல்பாகவே கலந்திருக்கின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் உலர்திராட்சையும் மெல்லும் துண்டுகளும் ஓட்டத்தில் ஒரே பலனைத்தான் கொடுத்தன. வெறும் தண்ணீரைவிட இரண்டும் மேல். சிக்கல் நார்ச்சத்தும் மெல்லும் வேலையும். மணிக்கு ஏழு பழத்தை நான்கரை மணி நேரத்துக்கு மென்றுகொண்டிருக்க முடியுமா என்று அவரையே கேட்டேன், சிரித்துவிட்டார். கடலை மிட்டாயில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் செரிக்க நேரமாகும். சைக்கிளில் 13 மணி 30 நிமிட வரம்புக்குள் 200 கிலோமீட்டர் ப்ரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஓட்டும் நம் குழுக்காரர் ஒருவர் அதை நிம்மதியாகச் சாப்பிடுகிறார். சைக்கிளில் வயிறு குலுங்காது, மெல்ல அவகாசம் இருக்கிறது. ஓட்டத்துக்கு அது சரிவராது.

சோதனைகள்

முதல் சோதனைக்கு, அவரை வாந்தி எடுக்கவைத்த அதே ஜெல்லையே வாங்கச் சொன்னேன். அவருக்கு மனமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் (நீண்ட பயிற்சி ஓட்டத்தில்) அரை மணிக்கு ஒரு தடவை அரை பாக்கெட், அதாவது 20 கிராம். கூடவே 150 மில்லி வெறும் தண்ணீர், இடையில் இன்னும் சில மடக்கு. இரண்டரை மணி நேரம் ஓடினார். வயிறு அமைதியாக இருந்தது. அடுத்த வாரம் அதே ஜெல், அதே அளவு, தண்ணீருக்குப் பதில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க். ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய உப்புசம் திரும்ப வந்தது, நிறுத்தச் சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம் மறுபடி தண்ணீர், ஒன்றும் இல்லை.

ஒரே ஆளிடம் பார்த்த சோதனை இது, ஊருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு இது போதுமானதாக இருந்தது. ஜெல் மீதிருந்த பயம் அன்றோடு போனது.

அந்த ஜெல்லை அப்படியும் தொடரவில்லை. பாதி பிழிந்த பாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தால் எல்லாம் பிசுபிசுக்கும். 24 கிராம் கார்ப் உள்ள, மால்டோடெக்ஸ்ட்ரினும் ஃபிரக்டோஸும் கலந்த ஜெல்லுக்கு மாறினார். ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட், மிச்சம் வைக்கும் வேலை இல்லை.

செலவும் யோசிக்க வேண்டியதாக இருந்தது. ஜெல் ஒன்று நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்கும்போது ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தாறு பாக்கெட் கட்டுப்படியாகாது. எனவே பாதி ஞாயிறுகளில் வீட்டுக் கலவை. சாதாரணச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். 40 கிராம் சர்க்கரையோடு 20 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால் சரியாக 2:1 கிடைக்கும். ஒரு சிட்டிகை உப்பு, வெந்நீரில் கரைத்து ஆறவைத்து மெல்லிய ரப்பர் குடுவையில் ஊற்றி, இரவு ஃபிரிட்ஜில். காலையில் எடுத்துப்போவார், மிச்சத்தை வைத்துக்கொள்ள மாட்டார். குடலைப் பழக்குவதற்கு இந்தக் கலவை கடை ஜெல்லுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. மணிக்கு 30 கிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு தடவை கூட்டி, நவம்பரில் 50-க்கு வந்தோம். இரண்டே வாரம் தொடர்ந்து ஓட்டத்தின்போது கார்ப் எடுத்துப் பழகியவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைந்ததை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மெல்லும் துண்டுகளை அக்டோபரில் பார்த்தோம். காற்சட்டைப் பையில் இருந்த சூட்டில் ஆறு துண்டும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. வியர்த்த விரலால் பிய்த்து எடுப்பதற்குள் பேஸ் போய்விட்டது. மெதுவாக ஓடும்போது பிரச்சினை இல்லை. மாரத்தான் பேஸில், வாயால் மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு தடவை புரையேறி நின்றே விட்டார். கடைசி ஒரு மணி நேரத்தில் வாய் வறண்டு, துண்டு பல்லில் ஒட்டியது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு ஜெல்லைவிட இதுவே பிடித்தது. அதனால் இரண்டையும் பிரித்துக்கொண்டோம்: தொடக்கத்தில் துண்டுகள், 10 கிலோமீட்டருக்கு மேல் ஜெல். துண்டுகளை முந்தின இரவே தனித்தனியாகப் பிரித்துச் சின்ன ஜிப் கவரில் போட்டுவிடுவது.

உப்புக்கு ஓ.ஆர்.எஸ். ஜெல் ஒன்றில் சோடியம் பெரும்பாலும் 50 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் சுமார் 1.7 கிராம் சோடியம், குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டும். சர்க்கரை குறைவு என்பதால் ஜெல்லோடு சேர்ந்தாலும் அடர்த்தி ஏறாது. அரை லிட்டர் குடுவை ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டோம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

காலைக் காபியை நிறுத்தவில்லை. அது இல்லாவிட்டால் அவருக்கு வயிறு காலியாகாது, ஓட்டத்தின் நடுவில் அது பெரிய தொல்லை. காஃபின் ஜெல்லை மட்டும் 40 மில்லிகிராம் உள்ளதாக மாற்றி, 28 கிலோமீட்டருக்குப் பிறகு என்று தள்ளிவைத்தோம்.

நவம்பர் மழையில் இரண்டு லாங் ரன் போயிற்று. அதை ஈடுகட்ட முயற்சி எதுவும் செய்யவில்லை.

இரண்டாவது ஓட்டம்

காலை 2 மணிக்கு மூன்று இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம், சின்ன டம்ளர் காபி. சாம்பார் இல்லை. கிளம்புவதற்குச் சற்று முன் இரண்டு துண்டு, 9 கிலோமீட்டருக்குள் மீதி நான்கு. பிறகு 11, 15.5, 20, 24.5, 29, 33.5, 38 கிலோமீட்டர்களை ஒட்டி ஒவ்வொரு ஜெல். கடிகாரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம், எய்டு ஸ்டேஷன் கண்ணில் பட்டதும் பிரியுங்கள் என்பது ஒரே விதி. ஓட்டப்பாதை வரைபடத்தில் நிலையங்களைக் குறித்து, முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

15.5-இல் ஒரு சிக்கல். முதல் மேசையில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க், கடைசி மேசையில்தான் தண்ணீர். ஜெல் ஏற்கெனவே வாயில். கப்பை நீட்டிய தன்னார்வலர் பையனிடம் "தண்ணியா தம்பி?" என்று கேட்டு, இல்லை என்றதும் நின்று நடந்து கடைசி மேசைக்குப் போனார். அரை நிமிடம் போயிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

19-ஐத் தாண்டினார், உப்புசம் இல்லை. 29-இல், போன வருடம் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், காஃபின் ஜெல்லைப் போட்டார். அதுவும் இறங்கியது. 33.5-இல் பாக்கெட்டின் மூலையைக் கிழித்து வாய்க்குக் கொண்டுபோனபோது அந்த ஆரஞ்சு வாசனையே குமட்டியதாம். பாதியைப் பிழிந்துவிட்டு மடித்துப் பையில் போட்டார். அடுத்த எய்டு ஸ்டேஷனில் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு கொடுத்தார்கள், வாய் மாறியது. 38-இல் வைத்திருந்த ஜெல்லைத் தொடவே இல்லை.

33 வரை 6:30 பேஸ். அதற்கு மேல் 6:50, 7 என்று இறங்கியது. 4 மணி 38 நிமிடத்தில் முடித்தார். வாந்தி இல்லை, 15.5-இல் தண்ணீருக்காக நடந்ததைத் தவிர நடையும் இல்லை. மொத்தக் கார்ப், தொடக்கத் துண்டுகளையும் சேர்த்து, 180 கிராம், மணிக்கு 39. திட்டமிட்ட 45-க்குக் குறைவுதான்.

இந்த ஒரு மணி 13 நிமிட முன்னேற்றத்தை ஜெல் கணக்கில் எழுத முடியாது. ஒரு வருடம் கூடுதலாக ஓடியிருக்கிறார், வலி மாத்திரை இல்லை, முட்டி சரியாகியிருந்தது, காலைச் சாப்பாடும் ஒரு மணி நேரம் முன்னதாக. பல மாற்றங்கள் ஒன்றாக வந்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்வதற்கில்லை. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் ஜெல்லும் சேர்ந்தால் அவர் வயிறு தாங்காது என்பதை மட்டும் ஓட்டத்துக்கு வெளியே தனியாகச் சோதித்துப் பார்த்தோம்.

மாற்றப்போவது

அடுத்த ஆயத்தத்தில் முதல் வேலை திகட்டலைப் பார்ப்பது. எல்லா ஜெல்லும் ஒரே ஆரஞ்சுச் சுவை. பயிற்சியில் இது தெரியவில்லை, ஏனென்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட லாங் ரன் எதுவும் அவர் ஓடவில்லை, பாதி நாள் வீட்டுக் கலவை வேறு. இனி 30 கிலோமீட்டருக்கு மேல் எடுப்பவை சுவையே சேர்க்காததாகவோ உப்புச் சுவை உள்ளதாகவோ இருக்கும். வீட்டுக் கலவையில் சர்க்கரையைக் குறைத்து மால்டோடெக்ஸ்ட்ரினைக் கூட்டியும் பார்க்கப்போகிறார், அதற்கு இனிப்பு மிகக் குறைவு. கடைசியில் விடுபடும் என்று தெரிந்திருப்பதால், வயிறு நன்றாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் மணிக்கு 55 கிராம் வரை ஏற்ற முடியுமா என்பதும் பட்டியலில் இருக்கிறது. அதற்கேற்பத் தண்ணீரும் ஏறும்.

குழுவில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. எக்ஸ்போவில் ஜெல் வாங்கலாம், ஆனால் அது அடுத்த ஓட்டத்துக்கு. ஃபுல்லுக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஆகஸ்டுக்குள் வியர்வை எடை பார்த்திருக்க வேண்டும். வலி மாத்திரை பற்றி இப்போது நான் நேராகக் கேட்டுவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் அப்படியே பொருந்தாது; குழுவில் இருக்கும் இருவரும் தங்கள் மருத்துவரிடம் பேசி, ஓட்டத்தின் நடுவில் சர்க்கரை அளவு பார்த்துத் தனியாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள்.

மெல்லும் துண்டுகள் முதல் ஒரு மணி நேரத்துக்கு அப்படியே தொடர்கின்றன. அவர் வைத்திருந்த அந்தக் கடைசி ஜெல்லின் காலாவதித் தேதி இன்னும் தாண்டவில்லை என்பதால், ஏப்ரலில் ஒரு ஹாஃபுக்கு எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.